ஏணி மேலே என் அம்மா

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை நேரம். கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம், அடி அண்ணாமலையில் இருக்கிற சின்ன நூலகம். ஒரு ஹால், ஏழு இரும்பு அலமாரிகள், சத்தம் போடாவிட்டால் ஓடாத ஒரு மின்விசிறி. பதினெட்டு வருஷமாக நான்தான் அங்கே நூலகர். எனக்கு முன்கோபம் என்று ஊரில் பேர். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும்தான் வரும்.

கதை நேரத்தில் நான் பெரும்பாலும் வாழ்க்கை வரலாறுதான் சொல்வேன். விஞ்ஞானி, கணித மேதை, விடுதலைக்காகச் சிறை சென்றவர் என்று வாரம் ஒருவர். ஒரு சனிக்கிழமை, யாரோ ஒரு பெரியவரின் கதையை உருக்கமாகச் சொல்லி, "இத்தகைய மாமனிதர் காலமானார்" என்று முடித்தேன். முன்வரிசையில் இருந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். கேள்வி கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"இன்னா மிஸ், நீங்க சொல்றவங்க எல்லாருமே கடைசில செத்துப் போயிடறாங்க?"

ஹாலே சிரித்தது. அவள் விடவில்லை.

"உயிரோட இருக்கறவங்க யாருமே இல்லியா? நம்ம ஊருப் பக்கம் ஒருத்தர்கூடவா இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் இல்ல? அடுத்த வாரம் சொல்றேன் பாரு. நம்ம ஊருல மொத மொதல்ல பிரஷ்ஷ எடுத்த பொம்பள. பெரிய ஓவியர். நல்லா குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

வாய் முந்திக்கொண்டது. பிள்ளைகள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் நான் எதில் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. அந்த ஓவியர் என் அம்மா.

அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. டவுனில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் எந்தக் கல்லூரியிலும் ஓவியம் படித்தவள் இல்லை. அப்பா போர்டு எழுதுகிறவர். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பத்துக்குப் பத்து கடை வைத்திருந்தார். எழுத்து அவருக்கு முத்து முத்தாக வரும். ஒரே ஒரு குறை, ஏணியில் மூன்றாம் படிக்கு மேலே ஏறினால் தலை சுற்றும். போர்டு எழுதுகிறவருக்கு வரக்கூடிய வியாதியா இது? தரையில் வைத்து எழுதுகிற வேலைகளை வைத்துக் கொஞ்ச காலம் ஒப்பேற்றினார். சுவர் விளம்பரங்கள் வரத் தொடங்கியதும் அகப்பட்டுக்கொண்டார். ஏறுவதற்கு ஆள் வைத்துப் பார்த்தார். ஏறின ஆளுக்கு எழுத்து வரவில்லை. ஒரு நாள், கீழே நின்று பெயிண்ட் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, "குடுங்க இப்படி" என்று பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, விறுவிறுவென்று ஏறிவிட்டாள். அப்போது எனக்கு மூன்று வயது. ஏணிக்குக் கீழே உட்கார்ந்து நான் ஊரைக் கூட்டினேனாம். அப்பா ஏணியைப் பிடிப்பதா என்னைப் பிடிப்பதா என்று தெரியாமல் முழித்தாராம்.

மறுநாளிலிருந்து புடவைக்குள் அப்பாவின் பேண்ட், மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு. அதுதான் நாற்பது வருஷம் அவள் சீருடை. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் பெயிண்ட் டப்பாவோடு ஏணியில் ஏறிய பெண் யாரையும் பார்த்ததாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவின் வேலை அன்றிலிருந்து ஏணியைப் பிடிப்பது. "பொண்டாட்டிய மேல ஏத்திட்டு கீழ நின்னு வேடிக்க பாக்கறான் பாரு" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கிண்டல் செய்வான். அப்பா அசரமாட்டார். "நான் புடிச்சாத்தான் அவ ஏறுவா. நீ ஏறினா உன்னப் புடிக்க ஆளு இருக்குதா?" என்பார். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேரும் வரைக்கும் வேறு யாரையும் அந்த ஏணியைத் தொட விட்டதில்லை.

அம்மா எழுதாத சுவர் எங்கள் ஊரில் இல்லை. சிமெண்ட், உரம், லாட்ஜ், ரைஸ் மில், கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விற்கிற மல்லாட்டை மண்டி. தேர்தல் வந்தால் எதிரும் புதிருமான இரண்டு கட்சிக்கும் அவள்தான் எழுதுவாள். இரண்டு பேரும் வந்து பெயிண்ட் எங்கே பளிச்சென்று இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சண்டைக்கு நிற்பார்கள். லாரிகளுக்குப் பின்னால் மானும் மயிலும் வரைவாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவரில் 'இங்கு சிறுநீர் கழிக்கக் கூடாது' என்று அவள் எழுதிய எழுத்தின் அழகைச் சொல்ல முடியாது. அதற்குக் கீழேயே நின்று கழித்தவர்களும் தலையைத் தூக்கி ஒரு முறை ரசித்துவிட்டுத்தான் போனார்கள்.

உயரத்தில் எழுதுகிற எழுத்து, கீழே ரோட்டிலிருந்து பார்த்தால் குட்டையாகத் தெரியும். அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. தரையில் எழுதிய அப்பாவுக்கு அது தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்லை. அம்மா ஏணியை விட்டு இறங்கி, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பாள். மறுபடி வந்து ஏறி எழுத்தை மேல்பக்கம் கொஞ்சம் நீட்டுவாள். மறுபடி இறங்குவாள். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை. "என் கண்ணுக்கு நல்லா இருந்து இன்னா ஆவுறது? ரோட்டுல போறவன் கண்ணுக்கு நல்லா இருக்கணும்" என்பாள். இப்போது எழுத்தையும் படத்தையும் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன. இந்த ஒரு வாக்கியத்துக்கு மேலே எதையும் நான் அவற்றில் கண்டுபிடிக்கவில்லை.

இவ்வளவு பெருமையாகச் சொல்கிறேனே, இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பில் டவுனிலுள்ள பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அப்பா ஆபீசர். ஒரு சாயங்காலம் நாலைந்து பேராகப் பேசிக்கொண்டே வருகிறோம். பெரிய தெருச் சுவரில், ஏணி உச்சியில் அம்மா. ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு இருக்கிற ஒரு ஆம்பிளைக்கு ஜட்டி வரைந்துகொண்டிருக்கிறாள். நீல நிற ஜட்டி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக பிரஷ்ஷை ஆட்டினாள்.

"யாருடி அது, உன்னப் பாத்துக் கை ஆட்டறாங்க?" என்றாள் பக்கத்தில் வந்தவள்.

"தெரியல. லூசு போல இருக்கு" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். இதை எழுதுகிற இந்த நேரத்திலும் என் நாக்கை எதைக் கொண்டு கழுவுவது என்று தெரியவில்லை.

அந்த வருஷமே 'என் தாய்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் தாய் ஒரு தையற்கலைஞர் என்று எழுதினேன். வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை, பேண்ட் போட வேண்டாம், யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். எண்ணெய் போட்ட மெஷின், ஜன்னலோரம், நூல்கண்டு வைக்கிற பிஸ்கெட் டப்பா என்று கண்ணில் பார்த்த மாதிரி எழுதியிருந்தேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல கை. தமிழ் டீச்சர் அதை வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். இந்த விஷயம் வீட்டுக்குத் தெரியாது என்று அன்றைக்கும் நினைத்தேன், போன மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, அம்மாவின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து நான்கு பக்கம் எழுதினேன். அழகான தமிழ். 'கலையின்மீது தணியாத தாகம் கொண்ட இவர்' என்று ஆரம்பித்தேன். சுவர் விளம்பரம் பொதுவெளி ஓவியம் ஆயிற்று. லாரி, மூத்திரச் சுவர், ஜட்டி எல்லாம் காணாமல் போயின. அப்பாவுக்குத் தலை சுற்றியதை 'கணவரின் ஊக்கத்தால்' என்று ஒரு வார்த்தையில் அடைத்தேன். ஏணி எந்த இடத்தில் விழுந்தது என்று எனக்கே தெரியாது. கடைசியாகப் படித்துப் பார்த்தபோது அது இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவைக் கூப்பிட்டேன். "நாளைக்கு லைப்ரரிக்கு வரியாம்மா?"

"சுவத்துக்குப் பெயிண்ட்டா? மேல ஏறணும்னா இப்பவே சொல்லு, முட்டி வலி மாத்திர போட்டுக்கறேன்."

"ஏறல்லாம் வாணாம். சும்மா வந்து உக்காரு. பசங்ககிட்ட உன்னப் பத்திச் சொல்லப் போறேன்."

"சும்மா உக்கார நான் எதுக்கு? நீயே சொல்லிட்டு வா" என்றாள். ஆனாலும் காலையில் ஆட்டோ வந்து நின்றபோது எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பையில் இரண்டு பிரஷ் வேறு, எதற்கும் இருக்கட்டும் என்று.

நாற்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். அம்மா கடைசியில் ஜன்னலோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். யார் என்று யாரும் கேட்கவில்லை, பேப்பர் படிக்க வந்த கிழவி என்று நினைத்திருப்பார்கள். ஓவியரைப் பற்றிப் பேசுகிற நாள் ஆயிற்றே என்று முதலில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, நம்ம மலையை வரையுங்கள் என்றேன். பத்து நிமிஷத்தில் நாற்பது மலையும் வந்துவிட்டது. நாற்பதும் ஒரே மலை. கூம்பாக ஒரு முக்கோணம், அதற்கு முன்னால் ராஜகோபுரம், உச்சியில் தீபம். காலண்டரில் இருக்கிற மாதிரி. அம்மா எழுந்து வரிசையாக எல்லாத் தாளையும் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது.

நான் நான்கு பக்கத்தையும் படித்தேன். குரலை ஏற்றி இறக்கித்தான் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் பின்வரிசைப் பையன்கள் ஒருவன் காலை ஒருவன் மிதிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டாள், அது வரிசையாகப் பரவியது. முடித்ததும் பழக்கதோஷத்தில் கை தட்டினார்கள்.

தண்ணீர் குடிக்கப் பின்னால் போனேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, மெல்லிய குரலில் கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துது. யாரு அந்தம்மா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. கிண்டலாக இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். நிஜமாகவே வேறு யாரையோ பற்றிச் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருக்கிறாள். தன் கதையை எப்போது ஆரம்பிப்பேன் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பதினோரு வயதில் பெரிய தெருவில் செய்ததை, ஐம்பத்தோரு வயதில், நல்ல தமிழில், நான்கு பக்கத்துக்குச் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தச் சமயம் பார்த்து முன்வரிசைப் பெண் எழுந்தாள். "மிஸ், அவங்க உயிரோட இருக்காங்கன்னீங்களே. எங்க இருக்காங்க?"

உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் ஒரு கணம் தயங்கினேன். பிறகு அந்த நான்கு தாளையும் மடித்து மேஜை டிராயருக்குள் போட்டேன்.

"இங்கதான் இருக்காங்க. தோ, கடைசி பெஞ்சு. எங்கம்மா."

நாற்பது தலையும் திரும்பியது. அம்மா அவசரமாகப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் படிச்சதெல்லாம் தப்பு. மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்றேன்" என்றேன். சொன்னேன். அப்பாவின் தலைசுற்றலில் ஆரம்பித்தேன். பேண்ட்டைச் சொன்னேன், லாரி மயிலைச் சொன்னேன். மூத்திரச் சுவர் வந்தபோது பையன்கள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மூன்று ஆள் உயரத்து ஆம்பிளைக்கு ஜட்டி என்று கையை விரித்துக் காட்டினேன். ஒரு பொடியன் மூச்சு முட்டிக் கீழேயே விழுந்துவிட்டான். இந்தக் கூட்டமா பத்து நிமிஷத்துக்கு முன்னால் கொட்டாவி விட்டது என்று இருந்தது.

பிறகு அவர்கள் ஊர்க் கதையையே எடுத்தேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், அடி அண்ணாமலையில் மளிகைக்கடை ஒன்றுக்கு போர்டு எழுத அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பேருக்குப் பக்கத்தில் மலையைப் போடச் சொன்னார் கடைக்காரர். அம்மா கடை வாசலில் நின்று, அங்கிருந்து மலை எப்படித் தெரிகிறதோ அப்படியே வரைந்து வைத்தாள். மலை அங்கிருந்து முக்கோணமாகத் தெரியாது. அகலமாக, மேடும் பள்ளமுமாகச் சரிந்து கிடக்கும். கோபுரம் அந்தப் பக்கம் மறைந்துவிடும். கடைக்காரர் போர்டைப் பார்த்துவிட்டுத் தையாதக்கா என்று குதித்தார்.

"நம்ம மலையப் போடச் சொன்னா எந்த ஊரு மலையம்மா போட்டுக்கற?"

"திரும்பிப் பாருங்கண்ணா" என்றாள் அம்மா.

திரும்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்த மலைக்குப் பின்னாலேயே குடியிருக்கிற மனிதர், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். கடைசியில், "அது அப்படித்தான் கீது. அதுக்குன்னு போர்டுலயும் அப்படியேவா போடுவாங்க? மலைன்னா கோபுரம் இருக்க வாணாமா?" என்றாராம். அம்மா மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். உங்களுக்குத் தெரியுற மலைதான் உங்க மலை, டவுன்காரங்களுக்குத் தெரியறது அவங்க மலை என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். பிறகு கடைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக, அட நம்ம வூட்டுலேர்ந்து பாத்தா இருக்கற மாதிரியே கீதே என்று சொல்லவும், நான்தான் அப்படிப் போடச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாராம். அதற்கப்புறம் அம்மா மலையைச் சுற்றியிருக்கிற எந்த ஊரில் போர்டு எழுதினாலும் அந்த ஊர் மலையைத்தான் வரைந்தாள். இதை ஒரு படித்த ஓவியர் செய்திருந்தால் அதற்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள். அம்மா கண்ணால் பார்த்ததை வரைந்தாள், அவ்வளவுதான்.

சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். வெளியே மலை இருந்தது, அகலமாக, மேடும் பள்ளமுமாக. கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அசடு வழிந்தார்கள். "அந்தக் கட போர்டு எனக்குத் தெரியும் மிஸ், பால் வாங்கப் போவேன்" என்று ஒருவன் கத்தினான். "ஆயா, நீங்களா அது?" என்று கேட்டு அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள் ஒரு சின்னப் பெண். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. என் அம்மாவை நினைத்து நெஞ்சு விம்ம நான் நின்றுகொண்டிருந்தேன்.

முன்வரிசைப் பெண் மட்டும் ஜன்னலுக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"மிஸ், நீங்க ஸ்கூல்ல படிக்கும்போது, உங்கம்மா பெயிண்ட்டர்னு எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா?"

இந்தப் பெண்ணின் அம்மா கிரிவலப் பாதையில் குப்பை கூட்டுகிறவர். பௌர்ணமி முடிந்த மறுநாள் மலை மலையாகக் குவிகிற தட்டும் டம்ளரும் அவர் கையால்தான் போக வேண்டும். சனிக்கிழமைகளில் வேலை முடித்து மகளைக் கூட்டிப்போக வருவார். துடைப்பத்தோடு கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். இந்தப் பெண் மற்றவர்கள் எல்லாரும் போகிற வரைக்கும் அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியாகத்தான் வெளியே போவாள். அவள் என்ன தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

சொல்லுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பிள்ளைகளுக்கு நல்ல பாடமாகவும் இருந்திருக்கும். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றி அவளிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"சொல்ல மாட்டேன்" என்றேன். "எனக்கு வெக்கமா இருந்துது. ஒரு தடவ ரோட்டுல பாத்துட்டுத் தெரியாதவங்க மாதிரி போயிட்டேன். ஸ்கூல் கட்டுரைல எங்கம்மா டெய்லர்னு எழுதினேன்."

அம்மா இருக்கிற பக்கம் நான் திரும்பவில்லை. திரும்புவதற்குத் தைரியம் இல்லை. நாற்பது வருஷம் மறைத்ததை அவள் காதுபட உடைத்துவிட்டேன். இனி வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் அவள் பக்கத்தில் எப்படி உட்காரப் போகிறேன் என்று இருந்தது.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அது எனக்குத் தெரியுமே" என்றாள் அம்மா.

"இன்னா தெரியும்?"

"ஆறாவதுல ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட வரச் சொன்னாங்களே, உங்கப்பாவுக்குக் காய்ச்சல்னு நான்தான் போனேன். நீ வெளாட்டு பீரியட்ல இருந்த. அந்தத் தமிழ் டீச்சரம்மா என்னப் பாத்ததும், 'வாங்கம்மா, நீங்க ரொம்ப நல்லா தெப்பீங்களாமே, உங்க பொண்ணு கட்டுரைல எழுதியிருந்தா'ன்னாங்க. எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சிடுச்சி."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமாங்க டீச்சர்னேன். வேற இன்னா சொல்றது?" அம்மா பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "உடனே பையிலேர்ந்து ஒரு ஜாக்கெட் துணிய எடுத்து, அளவு ஜாக்கெட்டும் வெச்சுக் குடுத்துட்டாங்க, பொங்கலுக்கு வேணும்னு. என் நகத்துல எல்லாம் பச்சப் பெயிண்ட். மண்ணெண்ண போட்டுத் தேச்சும் போவல. கைய நீட்டுனா தெரிஞ்சிடுமேன்னு, கோயில்ல பிரசாதம் வாங்கற மாதிரி முந்தானைய விரிச்சி வாங்கிக்கினேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எனக்கு ஊசில நூலு கோக்கக்கூடத் தெரியாது. கட பக்கத்துல ஒரு டெய்லர் இருந்தாரு, அவருகிட்ட குடுத்துத் தெச்சி எடுத்தும்போய்க் குடுத்தேன். டீச்சருக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சி. அப்புறம் தீபாவளி, பொங்கல்னு துணி வந்துக்கினே இருந்துது, இவ பத்தாவது முடிக்கிற வரைக்கும். ஒரு தடவ கை டைட்டா இருக்குன்னாங்க. நான் போயி அந்த டெய்லர்கிட்ட சண்ட புடிச்சேன், என் பேரக் கெடுத்துட்டியேன்னு." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இவகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர், வெளி வேல எடுத்துச் செய்யறேன்னு என்னத் திட்டுவான்னு சொல்லி வெச்சிட்டேன். பாவம், அவங்களும் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

நான்கு வருஷம். பகலெல்லாம் வெயிலில் ஏணியில் நின்றுவிட்டு, என் பொய் சாயம் போகாமல் இருக்க, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துணியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஏம்மா, என்ன ஒரு வார்த்தகூட நீ கேக்கலியே?" என்றேன்.

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா, அப்புறம் நீ எப்படிடி என் மூஞ்சியப் பாத்திருப்ப?"

நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். முன்கோபக்காரி என்று பேர் வாங்கிய நூலகர் நாற்பது பேருக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுவதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, வரிசைகளைத் தாண்டி வந்து, "அய்ய, இதுக்குப் போயி" என்று சொல்லி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.